பத்தில் எது இறுகவில்லை என்று எனக்குத் தெரியாது

தம்பி,

இந்த ஒரு பந்தியை மட்டும் வாசித்துவிட்டு மூடி வைத்தாலும் பரவாயில்லை. வருகிற சனிக்கிழமை அந்தக் காரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டு போகாதே ராசா. சனிக்கிழமைக்கு முன்னரும் ஓடாதே. பின் அச்சுக்குள் நீயும் நானும் சேர்ந்து பூட்டிய புது டிஃப்பில், சில்லுகளுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெட்டியில், கிரவுண் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிற பத்து போல்ட்டில் எத்தனை சரியாக இறுகியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இறுக்கியது நான், உன் சின்னம்மா. இறுக்கி முடிந்தது என்று அடையாளம் வைத்ததும் நான்தான். அந்த அடையாளம் பொய்.

நீ என் நம்பரை அடைத்து ஆறு கிழமை ஆகிறது. வேறு வழியில்லாமல் நிரோஷனிடம் சொல்லி அனுப்பினேன். உன்னோடு பள்ளிக்கூடம் படித்த பெடியன், நான் சோறு போட்டு வளர்ந்த பெடியன், அவன் சொன்னால் கேட்பாய் என்று நினைத்தேன். முந்தாநாள் திரும்பக் கூப்பிட்டான். "அன்ரி, நான் சொன்னனான். அவன் நம்பேல்லை" என்றான். "என்ன சொன்னவன், அப்படியே சொல்லு" என்று கேட்டேன். "போன முறை நெஞ்சு வலி, இந்த முறை டிஃப் வலியோ எண்டு கேட்டுச் சிரிச்சவன் அன்ரி. சொரி" என்றான். "அட்ரஸையாவது தா" என்றேன். "ப்ரொமிஸ் பண்ணிட்டன் அன்ரி. அவனுக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் குடுங்கோ" என்றான். சனிக்கிழமை நீ ஓடப் போகிறாய் என்பதும் முதலில் அவனே வாய் தவறிச் சொன்னதுதான்; அதைக் கேட்ட பிறகுதான் அவனிடம் சொல்லி அனுப்பினேன். பத்து நாள்கூட இல்லை. ஸ்பேஸ் குடுக்க எனக்கு நாள் எங்கே இருக்கிறது?

அதனால்தான் இதை எங்கள் சங்கத்து மின்னிதழில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ இருக்கிற சிட்னிக்கும் போகிற இதழ். புதன்கிழமை வெளிவரும். யாராவது ஒரு அன்ரி, யாராவது ஒரு அங்கிள் உனக்கு அனுப்பாமல் விட மாட்டார்கள். இதழை நடத்துகிற பிள்ளை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அன்ரி, இதெல்லாம் வெளியிலை போடோணுமே? உங்கட ரெண்டு பேரின்ர பேரையாவது எடுத்துவிடுவம்" என்றாள். எடுக்கட்டும். பேர் இல்லாவிட்டாலும் மெல்பேர்னில், ரோவிலில் எந்த வீட்டு வாசலில் செம்மஞ்சள் நிறத்தில் பழைய எட்டு சிலிண்டர் கார் நின்றது என்று தெரியாத தமிழர் இந்தப் பக்கத்தில் இல்லை. நான் யாருக்காகவும் என் மானத்தைச் சந்தைக்குக் கொண்டு வருகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். உன்னைத் திரும்ப வரச் செய்ய ஒரு பொய் சொல்வதென்றால் உன் காதுக்கு மட்டும் சொல்லியிருப்பேன். ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லுகிறேன் என்பதையாவது யோசித்துப் பார்.

நீ நம்பாததில் பிழை இல்லை. அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் மேற்குக் கரையில் பேர்த் நகரத்தில் உனக்கு நல்ல வேலை கிடைத்தது. ரிக்கற்றும் எடுத்துவிட்டாய். உன் சித்தப்பா கண்ணை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று காலை நான் கட்டிலில் படுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளையாரப்பா மன்னிச்சுக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் பிடித்தேன். நீ அம்புலன்ஸைக் கூப்பிட்டாய். வந்த வெள்ளைக்காரப் பெண் வயர் எல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு உன்னிடம், உன்ர அம்மாவின்ர ஹார்ட் என்ர ஹார்ட்டை விட நல்லா இருக்கு என்று சொல்லிச் சிரித்தாளாம். நீ ரிக்கற்றைக் கிழித்தாய். எட்டு மாதம் கழித்து நான் என் சிநேகிதி கமலாவோடு போனில், "அண்டைக்கு அப்பிடிச் செய்யாட்டி இவன் போயிருப்பான்" என்று பெருமையடித்ததைக் குசினி வாசலில் நின்று கேட்டாய். தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் நல்லது. திட்டாதபடியால் நான் அதைப் பெரிய பிழையாகவே நினைக்கவில்லை.

இப்போது காரைப் பற்றிச் சொல்லுகிறேன். எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும், யாரோ சொல்லிக் கொடுத்ததை எழுதியிருக்கிறேன் என்று நினைக்காதே. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள்தான். ஆனால் டண்டினோங்கில் கார்ப் பாகம் செய்த தொழிற்சாலையில், அது மூடும்வரை, பதினேழு வருடம், அளவு வைத்து இறுக்குகிற ரோர்க் ரெஞ்ச் பிடித்த கை இது. கந்தசஷ்டி விரதத்திலும் பிடித்தேன். இறுகியதும் 'டிக்' என்று கையில் தட்டும் பார், அந்தத் தட்டை நான் நித்திரையிலும் அறிவேன். ஒவ்வொரு போல்ட்டும் இறுகி முடிந்தவுடன் அதன் தலையில் பச்சை மையால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடுத்த ஆள் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் தன் வேலையைத் தொடங்குவான். எங்கள் லைனில் ஒரு சட்டம். நடுவில் யாராவது கூப்பிட்டால், தும்மினால்கூட, முதல் போல்ட்டில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும். ஞாபகத்தை நம்பக் கூடாது. வீட்டில் உனக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். சைக்கிள் சில்லு பூட்டும்போதே சொல்லிக் கொடுத்தேன்.

உன் சித்தப்பா அந்தக் காரை வாங்கியது தன்னுடைய பழைய ஃபோர்மனிடம். எழுபதுகளில் வந்த கார், பெரிய இஞ்சின், உறுமினால் பக்கத்து வீட்டுக் கண்ணாடி அதிரும். ஆனால் பின்னால் ஒரு சில்லு மட்டும்தான் இழுக்கும். அதை எங்களுக்குப் படிப்பித்தது தேர்த்திருவிழா. உனக்குப் பன்னிரண்டு வயது. கோயிலுக்குப் பக்கத்துப் புல்வெளியில் கார்களை விடச் சொன்னார்கள். முதல் நாள் மழை. தேர் இருப்புக்கு வந்து, எல்லாரும் சாப்பிட்டு, வெளிக்கிடும்போது கார் அசையவில்லை. இடது சில்லு மட்டும் காற்றில் நிற்பது போல் சுற்றுகிறது, வலது சில்லு பூசையில் உட்கார்ந்தவர் மாதிரி அப்படியே இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துப் பேர் தள்ளினார்கள். நான் பின்னால் நின்று, "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டு தள்ளினேன். சேறு முழுக்க என் பட்டுச் சேலையில். "என்னப்பா, எட்டு சிலிண்டரும் சேந்து ஒரு சில்லைத்தான் சுத்துதோ?" என்று யாரோ கேட்க எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவுக்கு முகம் கறுத்துப் போனது. வீட்டுக்கு வந்ததும் கதிரையில் இருந்து ஒரு கடுதாசியில் உனக்குப் படம் கீறிக் காட்டினார். சாதாரண டிஃப் எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கத்துக்கே வலுவைக் கொடுத்துவிடும், வழுக்குகிற சில்லுக்கே எல்லாம் போய்விடும். லிமிற்றட் ஸ்லிப் டிஃப் போட்டால், உள்ளே இருக்கிற தட்டுகள் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஒன்று வழுக்கினாலும் மற்றது இழுக்கும் என்று. "ஒரு நாளைக்குப் போடுவமடா" என்றார். அந்த ஒரு நாள் அவருக்கு வரவில்லை.

நீ அதைப் போடப் போகிறேன் என்று சொன்னபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் டிஃப்புக்காக இல்லை. பல கிழமையாக நீ என்னோடு சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் கதைத்ததில்லை. ஒரு வேலை என்றால் கதைப்பாய் அல்லவா? கராஜில் காரைத் தாங்கிகளில் ஏற்றி வைத்து, பின்மூடியைக் கழற்றி, பழைய நடுப்பாகத்தை வெளியே எடுத்தாய். பழைய கிரவுண் வீலைப் புது நடுப்பாகத்தில் ஏற்ற வேண்டும், அது சும்மா ஏறாது, சூடாக்கினால் சற்று விரியும், அப்போது இலேசாக இறங்கும் என்று சொல்லிவிட்டு என் கேக் அடுப்பைக் கேட்டாய். நான் நெய்யும் ஏலக்காயும் தவிர வேறு வாசனை காட்டாத அடுப்பு! "சின்னம்மா, கழுவிட்டன், ரெண்டு தரம் கழுவிட்டன், எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை" என்று மன்றாடினாய். "சனிக்கிழமை விரதம், அதுக்குள்ளை இரும்பை வைச்சு வேக வைக்கிறியோ" என்று ஏசினேன். ஏசிக்கொண்டே தட்டை எடுத்துத் தந்தேன். அந்தக் காலை எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது தம்பி.

நேரம் பார்த்ததும் நான்தான். அன்று சனிக்கிழமை, கோயிலில் தந்த மெல்பேர்ன் பஞ்சாங்கத்தின்படி ஒன்பதே முக்காலுக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்கு முன் புது டிஃப்பை அச்சுக்குள் தூக்கி வைத்து வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "சின்னம்மா, ராகு என்ன டிஃப்புக்கு விரோதியோ?" என்று கேட்டாய். "ராகு எல்லாத்துக்கும் விரோதி, வாயை மூடிட்டு எண்ணெய் வாங்கிக்கொண்டு வா" என்றேன். கிரவுண் வீல் இறங்கி, ஆறிவிட்டது. போல்ட்டுகளை நான் இறுக்கி வைக்கிறேன், நீ கடைக்குப் போய் டிஃப் எண்ணெயும் அதில் கலக்கிற மருந்தும் வாங்கி வா என்று அனுப்பினேன். "ஷூவரா சின்னம்மா?" என்றாய். "பதினேழு வருஷம் இறுக்கினவளைக் கேக்கிற கேள்வியே இது?" என்றேன். நீ சிரித்துவிட்டுப் போனாய். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை இருந்தது. இப்போது அதுதான் என் நெஞ்சில் நிற்கிறது, இந்த முறை உண்மையாகவே.

குசினி மேசையில் பேப்பர் விரித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கழன்று வராமல் பிடிக்கிற பசை பூசினேன். எதிரெதிராக, முதல் சுற்று அரைவாசி இறுக்கம், பத்தும் முடிந்தது. இரண்டாம் சுற்று முழு இறுக்கம். ஒன்று, டிக். எதிர்ப் பக்கம், டிக். மூன்றோ நான்கோ ஐந்தோ முடிந்திருக்கும். போன் அடித்தது. கிளென் வேவர்லியில் இருந்து கமலா. எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன். "என்னடி, சொல்லவே இல்லை? உன்ர பெடியன் சிட்னியிலை வேலை எடுத்து வீடும் பாத்திட்டானாமே? அடுத்த கிழமை போறானாம். என்ர மருமோன் சொன்னவர்" என்றாள். நான் சிரித்துக்கொண்டு, "ஓம், ஓம், சொல்லத்தான் இருந்தனான்" என்றேன். போனை வைத்தேன்.

திரும்பி வந்தபோது எந்த போல்ட்டில் நின்றேன் என்று தெரியவில்லை. பச்சைப் புள்ளி ஒன்றுகூட வைக்கவில்லை, அவசரத்தில் கடைசியில் சேர்த்து வைப்போம் என்று விட்டிருந்தேன், அதுவே முதல் பிழை. சட்டம் எனக்குத் தெரியும். முதலில் இருந்து தொடங்க வேண்டும். பத்து நிமிடம் போதும். மணியைப் பார்த்தேன், ஒன்பதரை. உன் காலடிச் சத்தம் வாசலில் கேட்டது. "முடிஞ்சுதோ சின்னம்மா? ராகு வரப் போறார், கெதியா!" என்று கேலி செய்துகொண்டு வந்தாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன். சிட்னி என்று ஒரு சொல்லும் சொல்லாத முகம். எனக்கு வந்த கோபத்துக்கும் ராகுகாலத்துக்கும் நடுவில் மை போத்தலை எடுத்து, பத்துத் தலையிலும் பத்துப் புள்ளி வைத்து, "ஓம், முடிஞ்சுது, கொண்டு போ" என்றேன். கடவுள் சத்தியமாக இதுதான் நடந்தது. இரண்டு நிமிடத்துக்குள் நடந்தது.

நீ புள்ளிகளைப் பார்த்தாய், ஒரு தடவை சுற்றிப் பார்த்தாய், ரெஞ்சைத் தொடவில்லை. நான் வைத்த புள்ளி அல்லவா! தூக்கிக்கொண்டு போய் அச்சுக்குள் வைத்தாய். பிறகு நிரோஷன் வந்து, இரண்டு பேருமாகப் பல் எவ்வளவு இடைவெளியில் பொருந்துகிறது என்று அளந்து, மஞ்சள் பசை தடவிப் பல்லின் தடம் பார்த்து, எல்லாவற்றையும் எவ்வளவு கவனமாகச் செய்தீர்கள். ஒரு மயிரிழைக்கு மூன்று தரம் கழற்றிப் பூட்டினீர்கள். மூன்று தரமும் நான் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தேன். மூன்று தரமும் அந்த நடுப்பாகம் உங்கள் கையில் வெளியே இருந்தது. "தம்பி, அதை ஒருக்கால் திரும்ப இறுக்கித் தாறன்" என்று சொல்ல எனக்கு மூன்று சந்தர்ப்பம் இருந்தது. நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் தெரியுமா? இவன் எப்போது சிட்னியைப் பற்றிச் சொல்லப் போகிறான் என்று. அவன் முதலில் சொல்லட்டும், பிறகு நான் சொல்லுகிறேன் என்று. உன் உயிரை ஒரு தட்டிலும் என் ரோசத்தை மறு தட்டிலும் வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஆற்றினேன்.

மாலையில் நீ சொன்னாய். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, என் எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு மெல்லமாகத்தான் சொன்னாய். "சின்னம்மா, போன முறை மாதிரி வேண்டாம். நான் போகத்தான் போறன். மாதம் ஒருக்கா வருவன்" என்றாய். நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். எழுதக் கை வரவில்லை, ஆனால் இதை மறைத்தால் மற்றதையும் நீ நம்ப மாட்டாய். "நீ என்ர வயித்திலை பிறந்திருந்தா இப்பிடி விட்டிட்டுப் போவியோ?" என்றேன். ஆறு வயதில் ஒரு சின்னப் பையோடு விமான நிலையத்தில் வந்து இறங்கிய உன்னை, தாயும் தகப்பனும் ஊர்ப் போரில் ஒரே நாளில் செல்லடி பட்டுச் செத்துப் போன என் அக்காவின் பிள்ளையை, நானும் சித்தப்பாவும் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்த நாளில் இருந்து ஒருநாளும் என் வாயில் வராத சொல். உன்னுடைய வகுப்புப் பெடியன்கள், "ஷீ இஸ் நொட் யுவர் ரியல் மம்" என்று சொன்ன அன்று பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடித்தவள் நான். அதே சொல்லை நான் சொன்னேன். நீ எழும்பிக் கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்தாய். "ஓகே சின்னம்மா" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை முழுதும் நீ கார் பழக்கினாய். புது டிஃப்பின் தட்டுகள் படிய வேண்டும் என்று மூடிய கடைகளின் வெறும் கார்ப் பார்க்கில் எட்டுப் போட்டு எட்டுப் போட்டு மெல்ல ஓடினாய் என்று நிரோஷன் சொன்னான். ஞாயிறு காலை பெட்டிகளை ஏற்றினாய். நான் சாமி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். தேவாரம் சொல்லுவது போல் வாயை அசைத்துக்கொண்டு உன் காலடியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே வந்து நின்றாய். "சின்னம்மா, போயிட்டு வாறன்" என்றாய். அவ்வளவு சொன்ன பிறகும் நீ 'போறன்' என்று சொல்லவில்லை. நான் கதவைத் திறக்கவில்லை. கதவைத் திறந்து, "தம்பி, நில், ரெண்டு போல்ட் பாக்கோணும்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கோபமாகவாவது சொல்லியிருக்கலாம். நான் கர்ப்பூரத்தைக் கொளுத்தி, இவனுக்கு வழித்துணையாக இரு முருகா என்று கேட்டேன். என்ன பக்தி இது? கைக்கெட்டிய தூரத்தில் நான் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அதைச் செய் என்று கடவுளிடம் கொடுத்தேன்.

இத்தனை கிழமையும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பாய். எண்ணூறு தொள்ளாயிரம் கிலோமீற்றர் ஓடிச் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்தபோது, அப்படியென்றால் இறுகித்தான் இருக்கிறது என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். ஒவ்வொரு நாளும் சமாதானப்படுத்தினேன். பசை பூசியிருக்கிறது, முதல் சுற்றாவது பத்திலும் முடிந்திருக்கிறது, மெல்ல ஓடினால் பிடித்து நிற்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நிரோஷன் சனிக்கிழமைப் பந்தயம் என்று சொன்ன நிமிடத்தில் இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெருந்தெருவில் ஒரே வேகத்தில் போவது வேறு. பச்சை விளக்கு விழுந்ததும் நின்ற இடத்தில் இருந்து முழு இஞ்சினையும் ஒரே அடியாகக் கொடுப்பது வேறு. அந்த அடி முழுதும் அந்தப் பத்து போல்ட்டில்தான் விழும். நாலு தாங்கி ஆறு வழுக்கினால் தாங்குகிற நாலும் முறியும். முறிந்த துண்டு பல்லுக்குள் போனால் பின் சில்லு இரண்டும் ஓடுகிற ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளும். முந்தி ஒரு சில்லாவது சும்மா சுற்றியிருக்கும் ராசா. இப்போது நாங்கள் போட்டது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற டிஃப்.

செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன், இதை நான் ஐந்து தரம் சரிபார்த்து எழுதுகிறேன். காரை நீயே ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதே, ஏற்றிக்கொண்டு போகிற லொறியைக் கூப்பிடு. எண்ணெயை வடித்துப் பின்மூடியைக் கழற்று. வடித்த எண்ணெயில் இரும்புத் தூளின் மினுக்கம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார். சில்லைக் கையால் மெல்லச் சுற்றினால் கிரவுண் வீல் சுற்றும், ஒவ்வொரு போல்ட்டுத் தலையாக வெளியே வரும். பச்சைப் புள்ளியைப் பார்க்காதே. அதை நம்பாதே. புள்ளி வைத்தவளையும் நம்ப வேண்டாம், ரெஞ்சை வை. எது டிக் என்பதற்கு முன் அசைகிறதோ அதுதான் நான் விட்டது. அசைந்தால் அப்படியே இறுக்கிவிட்டு விடாதே, பத்தையும் கழற்றிப் புதுப் போல்ட் போட்டு, பசை பூசி, முதலில் இருந்து தொடங்கு. யாராவது கூப்பிட்டால், யாராக இருந்தாலும், நானாக இருந்தாலும் போனை எடுக்காதே. அதுவரைக்கும் ஒருவேளை காரை அசைக்க வேண்டி வந்தால் பாட்டை நிற்பாட்டிவிட்டுக் கேள். காலை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பின்னால் ஒரு 'டொக்' கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு இறங்கு.

இதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நம்பரைத் திறக்க வேண்டாம். வீட்டுக்கு வர வேண்டாம், மாதம் ஒருக்கா வருவேன் என்று சொன்னதையும் நான் பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன். சிட்னியில் நல்லாய் இரு. அங்கே யாரையும் விரும்பினாலும் எனக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, கமலாவின் மருமகன் சொல்லி நான் அறிந்துகொள்கிறேன். என் வயிற்றில் பிறந்திருந்தால் போயிருப்பாயா என்று கேட்டேன் அல்லவா. போயிருப்பாய். பிள்ளைகள் போவார்கள், கமலாவின் மூன்றும் போகவில்லையா? அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டேன். உனக்கு நோகும் என்று தெரிந்துதான் கேட்டேன். இனி என் பிள்ளை போனான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரும்.

இன்று காலை கோயிலில் ஐயர், "யார் பேருக்கு அம்மா அருச்சனை?" என்று கேட்டார். உன் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். வழக்கமாக நீ திரும்பி வர வேண்டும் என்று கேட்பேன். இன்று அதைக் கேட்கவில்லை. சனிக்கிழமை மழை பெய்து பந்தயம் நிற்க வேண்டும் என்று கேட்கலாமா என்று யோசித்தேன், அதையும் கேட்கவில்லை. என் வேலையை இனியும் கடவுளிடம் தள்ள மாட்டேன். வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். வியாழன் காலைப் பஸ்ஸில் நான் சிட்னிக்கு வருகிறேன். உன் வீடு எனக்குத் தெரியாது, பந்தயத் திடல் எது என்று மட்டும் தெரியும். சனிக்கிழமை காலை வாசலில் நிற்பேன். உன்னோடு கதைக்க மாட்டேன், உன் பக்கம் பார்க்கவும் மாட்டேன். நீ வேறு யாருடைய காரிலாவது பார்வையாளனாக உள்ளே போனால், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன். அந்தச் செம்மஞ்சள் கார் வந்தால், அதற்கு முன்னால் வந்து நிற்பேன் தம்பி, என்னை விலக்கிக்கொண்டுதான் நீ போக வேண்டும்.

இல்லாவிட்டால் அதற்கு முன் மூடியைக் கழற்று. பத்தும் இறுகியிருந்தால், சின்னம்மா திரும்பவும் பொய் சொன்னாள், இந்த முறை ஊரையே கூட்டிப் பொய் சொன்னாள் என்று நிரோஷனுக்குச் சொல், கமலாவுக்குச் சொல், இந்த இதழுக்கே எழுதிப் போடு. எல்லாரும் வாசிக்கட்டும். நான் இனி எதைச் சொன்னாலும் ஒருத்தரும் நம்ப வேண்டாம். அப்படி ஒரு பொய்க்காரியாக இருக்க எனக்குக் கொடுத்து வைக்க வேண்டும்.

உன்
சின்னம்மா